வீட்டுத் தன்னியக்கக் கட்டுப்படுத்திகளில் பயன்படாத வானலைச் சில்லுகளை அணைத்தல்

வீட்டுத் தன்னியக்கக் கட்டுப்படுத்தி என்பது ஒரு வீட்டிலுள்ள விளக்குகள், மின்விசிறிகள், கதவுப் பூட்டுகள், நீர் ஏற்றிகள், புகை உணரிகள் முதலியவற்றை ஓரிடத்திலிருந்து இயக்கவும் கண்காணிக்கவும் உதவும் சிறு கணினி ஆகும். இக்கருவிகள் பிற சாதனங்களுடன் கம்பியின்றித் தொடர்பு கொள்வதற்காக அவற்றினுள் வானலைச் சில்லுகள் (ரேடியோ) பொருத்தப்பட்டுள்ளன. வை-ஃபை, புளூடூத், ஜிக்பீ, இசட்-வேவ் என ஒரே கருவியில் நான்கு வகைச் சில்லுகள் இருப்பதும் உண்டு. இவற்றுள் ஒரு குறிப்பிட்ட வீட்டில் எச்சாதனமும் பயன்படுத்தாத சில்லை மென்பொருள் வழியாகவோ வன்பொருள் வழியாகவோ நிறுத்திவைப்பதே பயன்படாத வானலைச் சில்லுகளை அணைத்தல் எனப்படுகிறது.

மின்சாரத்தைச் சேமிப்பதே இதன் நோக்கம் எனப் பலர் கருதுவர். ஆனால் இதனால் மிச்சமாகும் மின்சாரம் மிகக் குறைவு. வீட்டுக்குள் நுழைய வழியாகக்கூடிய ஒரு வாயிலை அடைப்பதும், ஒரு நாட்டில் அனுமதிக்கப்படாத அதிர்வெண்ணில் அலைபரப்பாமல் இருப்பதுமே இதன் முதன்மைப் பயன்கள் ஆகும். வெளிநாட்டில் வாங்கப்பட்ட கட்டுப்படுத்திகளை இந்தியாவில் பயன்படுத்தும்போது இரண்டாவது பயன் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது.

பின்னணி

கம்பியில்லா வீட்டுத் தொடர்பு முறைகள் ஒரே காலத்தில் தோன்றியவை அல்ல. வை-ஃபையின் அடிப்படையான 802.11 சீர்தரம் 1997 ஆம் ஆண்டு வெளியானது. புளூடூத் கூட்டமைப்பு 1998இல் உருவானது. குறைந்த மின்திறனில் இயங்கும் 802.15.4 சீர்தரம் 2003இலும், அதன் மேல் அமைந்த ஜிக்பீ 2004இலும் வந்தன. டென்மார்க்கைச் சேர்ந்த சென்சிஸ் நிறுவனம் உருவாக்கிய இசட்-வேவ் முறைக்கான கூட்டமைப்பு 2005இல் அமைந்தது. 802.15.4 சில்லுகளையே பயன்படுத்தும் திரெட் முறைக்கான குழு 2014இல் தொடங்கப்பட்டது. வெவ்வேறு நிறுவனங்களின் சாதனங்கள் ஒன்றோடொன்று பேச உதவும் மேட்டர் சீர்தரத்தின் முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வெளிவந்தது.

வாங்குபவர் எம்முறைச் சாதனங்களை வைத்திருப்பார் என்பது உற்பத்தியாளருக்குத் தெரியாது. எனவே எல்லாவற்றுக்கும் பொருந்துமாறு பல சில்லுகளை ஒரே பெட்டியில் வைத்து, எல்லாவற்றையும் இயங்கு நிலையிலேயே விற்பனைக்கு அனுப்புகின்றனர். வை-ஃபை மின்செருகிகளையும் ஓரிரு ஜிக்பீ உணரிகளையும் மட்டும் வைத்திருக்கும் வீட்டில் இசட்-வேவ் சில்லும் புளூடூத் சில்லும் தேவையின்றி ஆண்டுக்கணக்கில் விழித்திருக்கின்றன.

பயன்படுத்தப்படும் அதிர்வெண்கள்

ஒரு சில்லை அணைப்பதா வேண்டாமா என முடிவு செய்வதற்கு, அது எந்த அலைவரிசையில் இயங்குகிறது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

வை-ஃபை: 2.4 கிகாஹெர்ட்ஸ் மற்றும் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைகள்.
புளூடூத்: 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை.
ஜிக்பீ, திரெட்: 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 11 முதல் 26 வரை எண்ணிடப்பட்ட 16 தடங்கள். 11 ஆம் தடத்தின் மையம் 2405 மெகாஹெர்ட்ஸ். அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி.
இசட்-வேவ்: நாட்டுக்கு நாடு மாறுபடும். ஐரோப்பாவில் 868.42, அமெரிக்காவில் 908.42, இந்தியாவில் 865.2 மெகாஹெர்ட்ஸ்.

முதல் மூன்று வகைகளும் ஏறத்தாழ உலகெங்கும் ஒரே பட்டையைப் பயன்படுத்துவதால் ஒரு நாட்டில் வாங்கிய கருவி மற்றொரு நாட்டிலும் இயங்கும். இசட்-வேவ் அவ்வாறன்று. அமெரிக்கக் கட்டுப்படுத்தியும் இந்தியாவுக்கான உணரியும் ஒன்றையொன்று கேட்கவே இயலாது.

அணைப்பதற்கான காரணங்கள்

பாதுகாப்பு

இயங்கு நிலையிலுள்ள ஒரு வானலைச் சில்லு எதையும் அலைபரப்பாவிட்டாலும் வெளியிலிருந்து வரும் செய்திகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும். வந்த செய்தியைப் பிரித்துப் பொருள்கொள்ளும் நிரலில் பிழை இருந்தால், அந்தச் செய்தியை வேண்டுமென்றே பிழைபட அமைத்து அனுப்புபவர் கட்டுப்படுத்தியைத் தம் வசப்படுத்த இயலும். இதற்குக் கடவுச்சொல் தேவைப்படாமலும் போகலாம். பயனர் அந்தச் சில்லைப் பயன்படுத்தவில்லை என்பது இங்கு எந்தக் காப்பும் ஆகாது. மாறாக, பயன்படுத்தாத ஒன்றை எவரும் கவனிப்பதில்லை என்பதால் ஆபத்து கூடுகிறது.

இவ்வகைக் குறைபாடுகள் ஆய்வாளர்களால் பலமுறை மெய்ப்பிக்கப்பட்டுள்ளன.

2016 ஆம் ஆண்டில் இசுரேலின் வைசுமன் ஆய்வு நிறுவனம், கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிலிப்சு ஹியூ விளக்குகளை ஜிக்பீ வழியாகத் தொலைவிலிருந்தே கைப்பற்ற இயலும் எனக் காட்டினர். கட்டடத்துக்கு வெளியே பறந்த ஆளில்லா வானூர்தியிலிருந்தும் இது செய்து காட்டப்பட்டது. ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்குத் தானே பரவும் புழு நிரலை உருவாக்க முடியும் என்பதும் விளக்கப்பட்டது. நிறுவனம் அக்குறையைத் திருத்தி மென்பொருள் புதுப்பிப்பை வெளியிட்டது.

2017 செப்டம்பரில் ஆர்மிசு நிறுவனம் புளூபோர்ன் என்ற பெயரில் புளூடூத் குறைபாடுகளின் தொகுப்பை வெளியிட்டது. புளூடூத் இயங்கிக்கொண்டிருந்தாலே போதும். எக்கருவியுடனும் இணைசேர்க்காமலே தாக்குதல் நடத்த இயன்றது. அமேசான் எக்கோ, கூகுள் ஹோம் ஆகியவையும் பாதிக்கப்படக்கூடியவை என அதே ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்டது. செல்பேசியில் இருப்பதைப் போலப் புளூடூத்தை அணைக்கும் வசதி அக்கருவிகளில் இல்லை என்பதையும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். பின்னர் இக்குறைகள் திருத்தப்பட்டன.

2020 பிப்ரவரியில் செக்பாயின்ட் நிறுவனம், ஜிக்பீ விளக்கு ஒன்றின் வழியாக அதன் கட்டுப்படுத்திக்குள் புகுந்து, அங்கிருந்து வீட்டின் கணினி வலையமைப்புக்குள் நுழைய இயலும் எனக் காட்டியது. இக்குறையும் வெளியீட்டுக்கு முன்பே திருத்தப்பட்டிருந்தது.

மூன்றாவது நிகழ்வு குறிப்பிடத்தக்கது. விளக்கைக் கைப்பற்றுபவர் விளக்கை மட்டுமே அணைத்து ஏற்றலாம். கட்டுப்படுத்தியைக் கைப்பற்றுபவரோ அதே வலையமைப்பிலுள்ள கணினிகளையும் படப்பிடிப்புக் கருவிகளையும் அணுக வழி பெறுகிறார். பூட்டைத் திறக்கும் ஆணையும் அங்கிருந்தே செல்கிறது.

ஐரோப்பியத் தொலைத்தொடர்புச் சீர்தர நிறுவனம் 2020இல் வெளியிட்ட 303 645 எண்ணுடைய சீர்தரம், பயன்படாத வலையமைப்பு இடைமுகங்கள் அனைத்தும் அணைக்கப்பட்டிருக்க வேண்டும் என வரையறுக்கிறது. இந்தியத் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021இல் வெளியிட்ட நுகர்வோர் இணையப் பொருள்களுக்கான நடைமுறைக் கோவையும் தாக்குதலுக்கு இடம்தரும் பரப்பைக் குறைக்குமாறு கூறுகிறது. இவை உற்பத்தியாளர்களை நோக்கியவை. எனினும் எந்தச் சில்லு தேவையற்றது என்பது வீட்டில் வாழ்பவருக்கே தெரியும் என்பதால், இறுதிப் பணி பயனரிடமே வருகிறது.

அலைவரிசை நெரிசல்

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை வை-ஃபை, புளூடூத், ஜிக்பீ ஆகியவற்றுடன் நுண்ணலை அடுப்பும் பகிர்ந்துகொள்கிறது. ஆயினும் பயன்படாத சில்லுகள் அனைத்தும் ஒரே அளவில் நெரிசலை உண்டாக்குவதில்லை.

எச்சாதனமும் சேராத இசட்-வேவ் கட்டுப்படுத்தி பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருக்கும், அலைபரப்புவது அரிது. ஜிக்பீ கட்டுப்படுத்தி சில நொடிகளுக்கு ஒருமுறை மிகச் சிறிய செய்தி ஒன்றை அனுப்பும். வை-ஃபை அணுகுபுள்ளியோ தன் பெயரை அறிவிக்கும் செய்தியை நொடிக்கு ஏறத்தாழ 10 முறை அனுப்புகிறது. பல கட்டுப்படுத்திகளும் மின்செருகிகளும் முதல்முறை அமைப்பதற்காகத் தமக்கென ஓர் அணுகுபுள்ளியை உருவாக்குகின்றன. அமைப்பு முடிந்த பின்னும் அது நிறுத்தப்படாமல் இருப்பின், நெரிசலைக் குறைப்பதற்கு முதலில் அணைக்க வேண்டியது அதுவே. கடவுச்சொல் இல்லாத அணுகுபுள்ளியாக அது இருப்பின் பாதுகாப்புக் குறையும் ஆகும்.

மின் நுகர்வு

ஜிக்பீ கருவிகளில் பரவலாகப் பயன்பட்ட சிசி2530 சில்லு, கேட்கும் நிலையில் 3 வோல்ட்டில் ஏறத்தாழ 24 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கிறது. இது 0.072 வாட் ஆகும். ஆண்டு முழுவதும் (8760 மணி நேரம்) இயங்கினால் செலவாவது ஏறத்தாழ 0.63 அலகு (யூனிட்). மலிவான வை-ஃபை மின்செருகிகள் பலவற்றில் உள்ள இஎஸ்பி8266 சில்லு கேட்கும் நிலையில் 3.3 வோல்ட்டில் ஏறத்தாழ 56 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1.6 அலகு.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு 100 அலகு கட்டணமின்றி வழங்கும் முறை 2016இல் கொண்டுவரப்பட்டது. அதனுடன் ஒப்பிட்டால் ஆண்டுக்கு ஓர் அலகு என்பது பொருட்படுத்தத்தக்கதன்று. மின்கலத்திலோ சிறு சூரிய மின்தகட்டிலோ இயங்கும் கருவிகளில் மட்டும் இந்த வேறுபாடு பெரிதாகும். இஎஸ்பி8266 சில்லு ஆழ்துயில் நிலையில் 20 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே எடுப்பதால், மின்கலத்தின் ஆயுள் நாள்களிலிருந்து மாதங்களாக நீள இயலும்.

உடல்நலம் பற்றிய கருத்து

வானலைகளைப் பற்றிய அச்சத்தால் சில்லுகளை அணைப்போரும் உளர். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதத்தில் வானலை மின்காந்தப் புலங்களை 2பி வகுப்பில், அதாவது புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம் எனக் கருதப்படும் பிரிவில், சேர்த்தது. இவ்வகைப்பாடு சான்றின் தன்மையைக் குறிப்பதேயன்றி ஆபத்தின் அளவைக் குறிப்பதில்லை. இந்த அலைகள் அணுக்களை அயனியாக்கும் ஆற்றல் அற்றவை. காதருகே வைத்துப் பேசும் செல்பேசியுடன் ஒப்பிட்டால், அறையின் மூலையில் சில மில்லி வாட் திறனில் இயங்கும் ஜிக்பீ சில்லிலிருந்து உடலை அடைவது மிகச் சொற்பமே. எனவே உடல்நலத்தை முதன்மைக் காரணமாகக் கூற இயலாது.

இந்தியாவில் சட்ட நிலை

இந்தியாவில் வானலைகளின் பயன்பாடு தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள கம்பியில்லாத் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவால் முறைப்படுத்தப்படுகிறது. குறைந்த திறன் கருவிகளுக்குச் சில பட்டைகளில் உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்கும், 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்கும் 2005இல் விதிகள் வெளியிடப்பட்டன. இரண்டாவது பட்டை 2021இல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை நீட்டிக்கப்பட்டது. உரிம விலக்கு இருப்பினும் கருவி வகை ஒப்புதல் பெறப்பட்டிருக்க வேண்டும் என்பது தனி விதியாகும்.

இவ்விதிகளை இசட்-வேவ் அதிர்வெண்களுடன் ஒப்பிட்டால் பின்வருவன பெறப்படும்.

இந்தியாவுக்கான 865.2 மெகாஹெர்ட்ஸ், விலக்குப் பெற்ற பட்டைக்குள் உள்ளது.
ஐரோப்பாவுக்கான 868.42 மெகாஹெர்ட்ஸ், பட்டையின் மேல் எல்லையை 0.42 மெகாஹெர்ட்ஸ் அளவில் தாண்டிவிடுகிறது.
அமெரிக்காவுக்கான 908.42 மெகாஹெர்ட்ஸ், செல்பேசிகளிலிருந்து கோபுரங்களுக்குச் செல்லும் அலைகளுக்கு உரிய 890–915 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் நடுவே விழுகிறது.

அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமமின்றிப் பயன்படுத்தக்கூடிய பட்டை உள்ளது. இந்தியாவில் அவ்வாறு இல்லை. இங்கு 900 மெகாஹெர்ட்ஸ் பட்டை செல்பேசி நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. ஆகவே அமெரிக்காவில் முறையாக விற்கப்பட்ட அதே கருவி இந்தியாவில் இயக்கப்படும்போது பிறருக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசையில் குறுக்கிடுவதாகிறது.

எடுத்துக்காட்டு: ஒரு சிறு நகர வீடு

தென்காசி மாவட்டத்திலுள்ள சங்கரன்கோவில், சங்கரநாராயணர் கோயிலுக்கும் ஆடித்தபசுத் திருவிழாவுக்கும் விசைத்தறி நெசவுக்கும் பெயர்பெற்ற நகராட்சி ஆகும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகும் வரை இது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இந்நகரில் முதியோர் இருவர் மட்டும் வாழும் ஒரு வீட்டுக்கு, அமெரிக்காவில் பணிபுரியும் மகன் ஒரு கட்டுப்படுத்தியை வாங்கி வந்து பொருத்துவதாகக் கொள்வோம். மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தை அறியும் ஜிக்பீ உணரி, மோட்டாரை இயக்கும் வை-ஃபை சொடுக்கி, வாசல் விளக்கு ஆகியவை அதனுடன் இணைக்கப்படுகின்றன. கட்டுப்படுத்தி கம்பிவழித் திசைவியுடன் (ரவுட்டர்) இணைக்கப்பட்டுள்ளது.

இங்கு ஜிக்பீ தேவை. கட்டுப்படுத்தியின் வை-ஃபை சில்லு தேவையில்லை. ஏனெனில் மோட்டார்ச் சொடுக்கி திசைவியின் வை-ஃபையோடு பேசுகிறது, கட்டுப்படுத்தியோ கம்பிவழியாகத் திசைவியை அடைகிறது. புளூடூத் தேவையில்லை. இசட்-வேவ் தேவையில்லை என்பதோடு, 908.42 மெகாஹெர்ட்ஸுக்கானது என்பதால் இயங்கவும் கூடாது. மகன் ஊருக்குத் திரும்பிய பின் இக்கருவியைக் கவனிக்க எவரும் இரார் என்பதே இத்தகைய வீடுகளின் முதன்மைச் சிக்கல் ஆகும். புறப்படும் முன் மூன்று சில்லுகளையும் அணைத்துச் செல்வது, பின்னர் தொலைவிலிருந்து திருத்த வேண்டிய பலவற்றைத் தவிர்க்கும்.

வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி அமைந்த தெருக்களில் பக்கத்து வீட்டுத் திசைவிகளும் ஒரே பட்டையில் இயங்குவதால் ஜிக்பீ தடத்தையும் சரிபார்க்க வேண்டும். வை-ஃபையின் 1, 6, 11 ஆகிய தடங்களுக்கு இடையேயும் அப்பாலும் அமையும் 15, 20, 25, 26 ஆகிய ஜிக்பீ தடங்கள் குறைந்த நெரிசல் உடையவை.

அணைக்கும் முறைகள்

கட்டுப்படுத்தியின் அமைவுப் பக்கம்: ஹூபிட்டாட் போன்ற கட்டுப்படுத்திகளில் ஜிக்பீ, இசட்-வேவ் சில்லுகளைத் தனித்தனியே நிறுத்தும் தெரிவுகள் உள்ளன.

இயக்குதளம் வழியாக: ராசுபெரி பையில் இயங்கும் கட்டுப்படுத்திகளில், தொடக்க அமைவுக் கோப்பில் வை-ஃபைக்கு ஒன்றும் புளூடூத்துக்கு ஒன்றுமாக இரு வரிகளைச் சேர்த்தால் அச்சில்லுகள் கணினி தொடங்கும்போதே முடக்கப்படும். இவ்விரு சில்லுகளும் 2016இல் வெளியான மூன்றாம் பதிப்பிலிருந்தே அப்பலகையில் இடம்பெற்றன. பிற லினக்ஸ் கணினிகளில் ஆர்எஃப்கில் என்ற கட்டளை பயன்படுகிறது.

வன்பொருளை நீக்குதல்: சில்லு ஒரு யுஎஸ்பி செருகியில் இருப்பின் அதனைக் கழற்றிவிடுவதே உறுதியான வழி. 2023இல் வெளியான ஹோம் அசிஸ்டன்ட் கிரீன் கருவி வானலைச் சில்லுகள் எவையுமின்றியே வருகிறது. தேவையானதைப் பயனர் செருகிக்கொள்ளலாம். பயன்படும் ஜிக்பீ செருகியை யுஎஸ்பி 3.0 துளையின் அருகே வைக்காமல் நீட்சிக் கம்பியில் தள்ளி வைப்பது நன்று. அத்துளைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலை உண்டாக்குவதை இன்டெல் நிறுவனம் 2012இல் விளக்கியது.

மென்பொருள் வழி அணைத்தல் மீளத்தக்கது. தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தாலோ, சில புதுப்பிப்புகளுக்குப் பின்னரோ, சில்லு மீண்டும் இயங்கத் தொடங்கலாம்.

பின்பற்ற வேண்டிய வரிசை

1. கட்டுப்படுத்தியிலுள்ள சாதனங்கள் ஒவ்வொன்றும் எச்சில்லு வழியாகப் பேசுகிறது எனப் பட்டியலிடுதல். மின்கல உணரிகள் பெரும்பாலும் உறங்குவதால் அவை பட்டியலில் விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.
2. அமைவுகளின் காப்புப்படியை எடுத்துவைத்தல்.
3. வை-ஃபையை அணைப்பதாயின் முதலில் கம்பி இணைப்பைப் பொருத்தி, அது இயங்குவதை உறுதிசெய்தல். இல்லையேல் கட்டுப்படுத்தியை அணுக வழியின்றிப் போகும்.
4. ஒரு நேரத்தில் ஒரு சில்லை மட்டும் அணைத்தல்.
5. கதவுப் பூட்டு, புகை உணரி, நீர்மட்ட உணரி ஆகியவற்றைக் கையால் இயக்கிச் சோதித்தல்.
6. ஒவ்வொரு மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின்னும் நிலையைச் சரிபார்த்தல்.

அணுகுபுள்ளி நின்றுவிட்டதா என்பதைச் செல்பேசியின் வை-ஃபை பட்டியலிலேயே காணலாம். 865 அல்லது 908 மெகாஹெர்ட்ஸ் அலைபரப்பை ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற மலிவான அலைவாங்கியைக் கணினியில் செருகிக் கண்டறியலாம். அதன் எல்லை ஏறத்தாழ 1.7 கிகாஹெர்ட்ஸ் வரையே என்பதால் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை அதனால் நேரடியாகக் காண இயலாது.

அணைக்கக்கூடாத நிலைகள்

ஒரே 802.15.4 சில்லு ஜிக்பீக்கோ திரெட்டுக்கோ பயன்படலாம். ஜிக்பீ தேவையில்லை எனக் கருதி அதனை அணைத்தால் திரெட் சாதனங்களும் துண்டிக்கப்படலாம்.

மேட்டர் சாதனங்கள் பலவற்றை முதன்முறை இணைப்பதற்குப் புளூடூத் தேவைப்படுகிறது. இணைத்த பின் அது வேண்டியதில்லை. எனவே புதிய சாதனத்தைச் சேர்க்கும்போது மட்டும் புளூடூத்தை இயக்கிப் பின்னர் அணைக்கலாம்.

புகை உணரி, எரிவளிக் கசிவு உணரி, கதவுப் பூட்டு ஆகியவற்றின் எச்சரிக்கைகள் எச்சில்லு வழியாக வருகின்றன என்பது உறுதியாகத் தெரியாத நிலையில் எதனையும் அணைக்கலாகாது. எச்சரிக்கை வராமல் போவது, தேவையற்ற சில்லு ஒன்று இயங்கிக்கொண்டிருப்பதைவிடப் பெரிய கேடு ஆகும்.

சில்லை அணைப்பது பிற பாதுகாப்பு நடவடிக்கைகளுக்கு மாற்றும் அன்று. பயன்பாட்டிலுள்ள சில்லுகளின் மென்பொருளைப் புதுப்பித்தல், இயல்பிருப்புக் கடவுச்சொல்லை மாற்றுதல், இசட்-வேவ் சாதனங்களை 2017 ஏப்ரல் முதல் சான்றிதழுக்குக் கட்டாயமாக்கப்பட்ட எஸ்2 மறையாக்க முறையில் இணைத்தல் ஆகியவையும் செய்யப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

வீட்டுத் தன்னியக்கமாக்கம்
ஜிக்பீ
புளூடூத்
வை-ஃபை
மின்காந்த அலை
கணினிப் பாதுகாப்பு
சங்கரன்கோவில்